கப்பல் போயிட்டா?

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டு ரொம்ப நாளாகிறது. வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றி எழுதினால் எல்லாருக்கும் உபயோகமாக இருக்கும், அந்த விஷயத்தில் உங்களை விட்டால் ஆள் இல்லை என்றார்கள். கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கொஞ்சம் எரிச்சலும் வந்தது. ஆபீஸ்காரர்கள் மேல் எரிச்சல் இல்லை. அப்படி ஒரு பெயரை எடுத்து வைத்திருக்கிறேனே என்று என் மேலேதான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் உங்களில் ஒருவர் என்னை மூன்று தடவை போனில் கூப்பிட்டார். நான் எடுக்கவில்லை. அண்ணாச்சிக்கு உடம்புக்கு என்னமோ என்று மறுநாள் ஆபீசில் பேச்சு வந்ததாம். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கோயிலில் ஜெபத்தில் இருந்தாலும் சரி, இரண்டாவது மணி அடிப்பதற்குள் போனை எடுக்கிறவன் நான். அதனால் அப்படிப் பேசியதில் தப்பில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

என்னைப் பார்த்திராதவர்களும் உங்களில் இருப்பீர்கள். இந்தத் தூத்துக்குடி துறைமுகத்தில் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் போர்டிங் ஆபீசராகச் சேர்ந்து, கடைசியில் ஆபரேஷன்ஸ் மேனேஜர் நாற்காலி வரைக்கும் வந்து ஓய்வு பெற்றவன். நம் வேலை உங்களுக்குத் தெரியும். எங்கிருந்தோ வருகிற கப்பலுக்குக் கரையில் நாம்தான் சொந்தக்காரர்கள். கப்பலைத் துறைமுகத்துக்குள் ஓட்டி வருகிற பைலட்டுக்குச் சொல்வதும் நாம்தான், குடிதண்ணீருக்கு ஏற்பாடு செய்வதும் நாம்தான், சமையல்காரனுக்குப் பல்வலி என்றால் டாக்டரிடம் கூட்டிப் போவதும் நாம்தான். கப்பல் கரையை ஒட்டிப் பெர்த்தில் கிடக்கும் வரைக்கும் நமக்கு ஊர் உலகம் கிடையாது.

நான் சேர்ந்து சில வருஷங்கள் ஆகியிருந்தது. மூத்தவள் அப்போது கைக்குழந்தை. உரம் இறக்கிவிட்டு ஒரு கப்பல் புறப்படத் தயாராக நின்றது. கஸ்டம்ஸில் போர்ட் கிளியரன்ஸ் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெர்த்துக்கு வந்தேன். அந்தக் காகிதம் கேப்டன் கைக்குப் போனால்தான் கப்பல் நகர முடியும். கப்பல் ஏணியில் கால் வைக்கும்போது ஆபீசில் இருந்து ஆள் வந்து, குழந்தைக்கு வலிப்பு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றார். திரும்பி ஸ்கூட்டரை எடுத்தவன்தான். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் குழந்தை என் மனைவி மடியில் ரஸ்க் தின்றுகொண்டிருந்தது. காய்ச்சலில் வந்த வலிப்பு, நான் வருவதற்கு முன்பே நின்றுவிட்டது, பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாடா என்று பெஞ்சில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினேன். கையில் காகிதம் தட்டுப்பட்டது. கிளியரன்ஸ் என் பையிலேயே இருக்கிறது! பெர்த்தில் பைலட் ஏறிவிட்டார், கப்பலை இழுக்கிற டக் படகு வந்து நிற்கிறது, கேப்டன் காகிதத்தைக் கேட்டுக் கத்திக்கொண்டிருக்கிறார். செல்போன் இல்லாத காலம். என்னை எங்கே போய்த் தேடுவார்கள்? நான் திரும்பிப் போவதற்குள் பைலட் இறங்கிப் போய்விட்டார், முறை வேறு கப்பலுக்குப் போய்விட்டது. எங்கள் கப்பல் மறுநாள்தான் புறப்பட்டது.

எனக்கு மேலே ஒரு சீனியர் இருந்தார். பெயர் வேண்டாம். சத்தம் போடுகிற மனிதர் இல்லை. அது இன்னும் மோசம். மற்றவர்கள் எல்லாரும் திட்டி முடிக்கும் வரை பொறுத்திருந்து, தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீ அங்கன போயி என்னலே செஞ்ச?"

நான் போய் ஒன்றும் செய்யவில்லைதான். பெஞ்சில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அவரே சொன்னார். வீட்டில் சொல்லி வை, கப்பல் பெர்த்தில் கிடக்கும் வரைக்கும் எந்தச் சமாச்சாரமும் உன் காதுக்கு வரக் கூடாது, கப்பல் போன பிறகு எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லட்டும், நீயும் உட்கார்ந்து பொறுமையாகக் கேள், அப்போதுதான் இரண்டு இடத்திலும் முழு ஆளாக இருப்பாய் என்றார். எனக்கு அது வேதவாக்காகப் பட்டது.

என் மனைவி கிரேஸ் நாசரேத்துக்காரி. மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். எதையும் யோசித்துத்தான் பேசுவாள். சீனியர் சொன்னதை அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "சரி. உயிரு போற காரியம்னா மட்டும் சொல்லுதேன். மத்ததெல்லாம் கப்பல் போன பொறவு," என்றாள். அந்த ஒரு விலக்கை வைத்ததும் அவள்தான். எவ்வளவு புத்திசாலிப் பெண் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த விதி வேலை செய்தது. அதை நான் மறைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு கப்பலில்கூட நான் கோட்டை விட்டதில்லை. வீட்டில் என்ன நடக்கிறதோ என்ற அரிப்பு இல்லாமல் வேலை பார்த்தேன். கப்பல் போனதும் வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டு, கூடத்தில் உட்கார்ந்தால், நிறுத்தி வைத்திருந்த சமாச்சாரமெல்லாம் வரிசையாக வரும். கேஸ் தீர்ந்தது, மோட்டார் ரிப்பேர், மூத்தவளுக்குப் பேச்சுப் போட்டியில் பரிசு, சின்னவன் மதில் சுவரில் இருந்து குதித்துக் கையை உடைத்துக்கொண்டது. ஆமாம், கை உடைந்தது எனக்குத் தெரியும்போது மாவுக்கட்டில் அவன் கூட்டாளிகள் எல்லாரும் பெயர் எழுதி முடித்திருந்தார்கள். நான்தான் கடைசிப் பெயர். அன்றைக்கு அதைத் தமாஷாக ஆபீசில் சொல்லிச் சிரித்தேன்.

பிள்ளைகள் விவரமாகிவிட்டார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் முதல் கேள்வி அம்மாவிடம், "கப்பல் போயிட்டா?" என்பதுதான். சின்னவன் ஒரு தடவை கணக்கில் கோட் அடித்துவிட்டு, பெயில் என்று போட்ட ரேங்க் கார்டை வைத்துக்கொண்டு ஒரு கரிக்கப்பல் போகும் வரை காத்திருந்து, கப்பல் போன சந்தோஷத்தில் நான் இருக்கும்போது பார்த்துக் கையெழுத்து வாங்கிவிட்டான். கிறிஸ்மஸே எங்கள் வீட்டில் இரண்டு தடவை தள்ளிப் போயிருக்கிறது. ஊரெல்லாம் ஸ்டாரை இறக்கிக்கொண்டிருக்கும்போது நாங்கள் கேக் வெட்டுவோம். பக்கத்து வீட்டாரிடம் யாராவது கேட்டால், அவங்க வீட்டுக் கிறிஸ்மஸ் கப்பலில் வருகிறது என்பார்களாம்.

இப்படியாக நான் எதையும் தவறவிட்டதில்லை என்று பெயர் எடுத்தேன். பிறந்தநாள், பரிசளிப்பு, கேக் வெட்டு எல்லாவற்றிலும் நான் இருந்தேன். அவையெல்லாம் எனக்காக இடம் மாறி உட்கார்ந்துகொண்டன என்பதை யோசிக்கவே இல்லை. மேனேஜரான பிறகு, புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே டீ வாங்கிக் கொடுத்து இந்த விதியைத்தான் சொல்லிக் கொடுப்பேன். உங்களில் பாதிப் பேர் என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். மீதிப் பேருக்கு அவர்கள் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சொல்லிக் கொடுத்த சீனியரின் வீட்டில் அது எப்படி நடந்தது என்று அவர் இருந்த காலத்தில் நான் கேட்டதே இல்லை. கேட்டிருக்கலாம்.

இனி, காற்றாலைச் சாமான் ஏற்ற வந்த ஒரு கப்பலுக்கு வருகிறேன்.

மூத்தவள் பத்தாம் வகுப்புக்குப் போயிருந்த வருஷம். ஆனி மாதக் கடைசி. காற்றாலை இறக்கைகளை ஏற்றிப் போக ஒரு கப்பல் வந்தது. ஒரு தெரு நீளத்துக்கு இருக்கும் ஒவ்வொரு இறக்கையும். கிரேனில் தூக்கும்போது காற்று கொஞ்சம் கூடினாலும் ஆடத் தொடங்கிவிடும். அப்புறம் கீழே நிற்கிறவன் தலைக்கு உத்தரவாதம் இல்லை. நம் ஊர்க் காற்று அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றில் சுற்ற வேண்டிய சாமானை ஏற்றக் காற்று விடவில்லை. கேலிக்கூத்துத்தான், ஆனால் சிரிக்கிற நிலைமையில் யாரும் இல்லை. வெளியே நங்கூரம் போட்டு அடுத்த கப்பல்கள் நிற்கின்றன. பெர்த்தைக் காலி பண்ணு என்று ஒரு பக்கம், ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று கப்பல் முதலாளி ஆட்கள் ஒரு பக்கம். வியாழக்கிழமை போயிருக்க வேண்டிய கப்பல் வெள்ளி, சனி என்று கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம் காற்று கொஞ்சம் ஓய்ந்தது. எனக்கு உயிர் வந்தது. ஏற்றுகிற ஆட்களின் ஃபோர்மேனைக் கூப்பிட்டு, உடனே ஆரம்பிக்கச் சொன்னேன். அவர் கடற்கரைத் தெருக்காரர், நல்ல வேலைக்காரர். கிரேனை அண்ணாந்து பார்த்தார், கடலைப் பார்த்தார். "பூச முடிச்சிட்டு வாரோம்," என்றார். காற்று காத்துக்கொண்டிருக்குமா என்று நான் எகிறினேன். கெஞ்சியும் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. இன்றைக்கு வீட்டில் எல்லாரும் சேர்ந்து மாதா கோயிலுக்குப் போகிற நாள், பிள்ளைகள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயே போய்விட்டார். பூசை முடிந்து சொன்னபடி வந்தார்கள். ஒன்றிரண்டு இறக்கை ஏறியது, மறுபடி காற்று. அந்தக் காலை நேரத்தை வீணாக்கிவிட்டார் என்று அவரை எத்தனையோ பேரிடம் குறை சொல்லியிருக்கிறேன். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, யாருக்கும் விளக்கமும் சொல்லவில்லை. அவருடைய காலை நேரத்தை அவர் எடுத்துக்கொண்டார். இது எனக்கு விளங்க இவ்வளவு வருஷம் ஆகியிருக்கிறது.

இதில் ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த நாட்களில் நான் வீட்டுக்கு வராமல் இல்லை. தினமும் வந்தேன். குளித்தேன், சாப்பிட்டேன், சட்டை மாற்றிக்கொண்டு போனேன். கிரேஸ் எதிரில் நின்று பரிமாறினாள். ஞாயிறு மத்தியானம் சோறு போடும்போது, "கப்பல் இன்னைக்குப் போயிருமா?" என்று கேட்டாள். காற்று விட வேண்டுமே என்றேன். சாயங்காலம் விடுமா என்றாள். எனக்கென்ன தெரியும் என்றேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது பார்த்தால் அவளை அடுக்களையில் காணோம், கூடத்தில் காணோம். மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கொடியில் காய்ந்த சேலை படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது, இவள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். திங்கட்கிழமை காலையிலும் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்முன் மாடிக்குப் போய் அந்தக் கொடியைப் பார்த்துவிட்டு வந்தாள். என் வேலையில் இவளுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். நிஜமாகவே நெகிழ்ந்து போனேன். கேப்டனிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

கப்பல் செவ்வாய்க்கிழமை போனது. வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து, "ம், சொல்லு," என்றேன். மூத்தவளுக்கு டியூஷன் மாற்ற வேண்டும், சின்னவனுக்கு ஷூ கிழிந்துவிட்டது என்றாள். வேற என்ன என்றேன். "வேற ஒண்ணுமில்ல," என்றாள். நான் தூங்கப் போய்விட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ கப்பல் வந்து போனது. பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்றேன். போன வருஷம் கிரேஸும் ஓய்வு பெற்றாள். கடைசி வரைக்கும் டீச்சராகவேதான் இருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் சிலர் ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகியிருந்தார்கள். அது அவளுக்கு வாய்க்கவில்லை, அல்லது இஷ்டமில்லை என்று நினைத்திருந்தேன். எது என்று கேட்டதில்லை.

பிரிவுபசார விழாவில் என்னையும் மேடையில் உட்கார வைத்தார்கள். சாத்தான்குளம் பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்ற அம்மா ஒருத்தர் வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஹெட்மிஸ்ட்ரஸ் என்று இத்தனை வருஷம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி கிரேஸ் டீச்சர் நாற்காலி, ஆர்டர் முதலில் அவர்களுக்குத்தான் வந்தது, சீனியாரிட்டியில் அவர்கள்தான் முன்னால், அவர்கள் விட்டுக்கொடுத்ததால்தான் எனக்கு வந்தது, அந்தப் பெருந்தன்மையைச் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் என்ன சொன்னார் என்பது உறைத்தது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். மடியில் மாலையும் ஷீல்டும் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னாள். ஆமாம், ஆர்டர் வந்தது. சம்மதமா இல்லையா என்று திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த ஊருக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவதென்றால் விடியுமுன் கிளம்ப வேண்டும். அல்லது அங்கேயே வீடு பார்க்க வேண்டும். மூத்தவளுக்குப் பரீட்சை வருஷம். காலையில் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது, இதை உங்களிடம் பேசாமல் நான் எப்படிச் சம்மதம் சொல்வது என்றாள். எந்த வருஷம் என்று கேட்டேன்.

"அந்தக் காத்தாடிக் கப்பல் நிக்கும்போது," என்றாள்.

கொடியில் அடித்துக்கொண்டிருந்த சேலை என் கண் முன்னால் வந்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டேன். ஓட்ட முடியவில்லை.

"தெனமும் வீட்டுக்கு வந்தேனே கிரேஸு. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"உயிரு போற காரியம்னாத்தான சொல்லணும்னு பேச்சு. இதுல யாரு உயிரு போச்சு?"

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். அவள் வாக்குக் கொடுத்திருந்தாள், அதைக் காப்பாற்றினாள். அவ்வளவுதான் அவளுக்கு. பிறகு, "அத விடுங்க. வண்டிய எடுங்க, பிள்ளைக போன் பண்ணுவாங்க," என்றாள்.

அன்றைக்கு முழுக்க எனக்கு ஆறவில்லை. முதலில் அவள் மேல் கோபம். விதியாவது மண்ணாவது, கையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருக்கலாமே என்று. அப்புறம் என்னையே கேட்டுக்கொண்டேன். ஞாயிறு மத்தியானம் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவள் சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? "கப்பல் போகட்டும், பேசுவோம்." இதைத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்கு அது தெரியும். என்னை அந்த வார்த்தையைச் சொல்ல வைக்காமல் காப்பாற்றியிருக்கிறாள்.

அதற்கப்புறம் அந்தப் பேச்சை எப்படி எடுத்தாலும் "அத விடுங்க" என்பாள். ஹெட்மிஸ்ட்ரஸாக இருக்க ஆசைப்பட்டாளா, வருத்தமா, என் மேல் கோபமா, ஒரு பதிலும் வாங்க முடியவில்லை. சமாதானமாகத்தான் இருப்பாள், சிரிப்பாள், குழம்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்பாள். அந்த ஒரு கதவு மட்டும் சாத்தியே கிடந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கப்பல் இல்லாமல் போய் எவ்வளவோ நாளாகியும், நான் போனில் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தால், பக்கத்தில் வந்து பேசாமல் நிற்பாள். நான் நிமிர்ந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். பழகிப் போய்விட்டது.

இப்போது அந்தச் சாயங்காலத்துக்கு வந்துவிட்டேன்.

மாடியில் கொடியில் இருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் மடித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். நல்ல காற்று. ஒரு போர்வையை எடுக்கும்போது அது அவள் கையை மீறிப் பறந்து முகத்தில் மூடியது. விலக்கிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே, "இதே காத்துதான்," என்றாள். நான் மடிப்பதை நிறுத்தினேன். "அந்த ஸ்கூல்ல..." என்று ஆரம்பித்தாள்.

என் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தேன். உங்களில் ஒருவர். அவர் பார்க்கிற கப்பல் அன்றைக்குச் சாயங்காலம் புறப்பட வேண்டியது, தண்ணீர் விஷயத்தில் ஏதோ தகராறு என்று காலையிலேயே கேள்விப்பட்டிருந்தேன். நெருக்கடி இல்லாமல் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். கிரேஸ் பேச்சை நிறுத்திவிட்டாள். "எடுங்க, கப்பக்காரப் பிள்ளைதான். நா பொறவு சொல்லுதேன்," என்றாள். எனக்குப் பழகிய குரல்தான், வருஷக்கணக்காகக் கேட்ட குரல்தான். கை பொத்தானுக்குப் போய்விட்டது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் கப்பல்தான் என் கண்ணுக்கு முன்னால் நின்றது. பிறகு போனைக் கூடையில் துணிக்கு மேல் வைத்துவிட்டேன்.

"நீ சொல்லு."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கப்பல் நின்னா என்ன செய்வீங்க என்றாள். நிற்கட்டும் என்றேன். மூன்றாவது தடவையும் அடித்து ஓய்ந்தது. துணிக் கவ்விகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டாள். போய்விட்டது, இனி சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"அந்த ஸ்கூல்ல மணிய அர மணி நேரம் தள்ளி அடிக்கச் சொல்லியிருப்பேன்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். அந்த ஊருக்குச் சுற்று ஊர்களில் இருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள்தான் பாதி. பஸ் வந்து சேருவதற்குள் மணி அடித்து, பிரேயர் முடிந்து, கேட்டைச் சாத்திவிடுவார்களாம். பிந்தி வந்ததென்று அந்தப் பிள்ளைகளைத் தினமும் வெயிலில் நிறுத்துவார்களாம். ஆர்டர் வந்த மறுநாள், சனிக்கிழமை, தன் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, எனக்குச் சொல்லாமல் பஸ் ஏறிப் போய் அந்தப் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அங்கே அன்றைக்கு அரை நாள் பள்ளிக்கூடம். இவள் போன பஸ்ஸிலேயே அந்தப் பிள்ளைகளும் இறங்கி ஓடியிருக்கின்றன. ஓடியும் கேட் சாத்திவிட்டது. "பஸ்ஸ மாத்த முடியாது. மணிய மாத்தலாம்லா? அது யாருக்குமே தோணலயேன்னு இருந்துச்சு. மொத நாளே அதச் செஞ்சிரணும்னு நெனச்சிருந்தேன்," என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கப் போனாள். நான் அதை வாங்கிக்கொண்டேன்.

இருட்டிய பிறகு, அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள் என்று அவளே சொன்னாள். கூப்பிட்டேன். "கப்பல் போயிட்டு அண்ணாச்சி. நானே பாத்துக்கிட்டேன்," என்றார் அவர். நல்லது. நான் இல்லாமல் போகாது என்று நான் நினைத்த கப்பல்களும் அநேகமாக இப்படித்தான் போயிருக்கும். வீட்டுக்குப் போயாச்சா என்று கேட்டேன். இனிமேல்தான் என்றார். அவருக்குப் போன வருஷம்தான் கல்யாணமாயிற்று. வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்றேன்.

"இருக்கும் அண்ணாச்சி. உங்க ரூல்தான். கப்பல் கெடக்கும்போது ஒண்ணும் சொல்லப்படாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னார். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. சரி என்று சொல்லி வைத்துவிட்டேன் போல. அப்போது சொல்ல வேண்டியதை இப்போது சொல்கிறேன், எல்லாருக்கும் சேர்த்து.

அந்த விதியை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். கிளியரன்ஸைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஓடுங்கள் என்று சொல்லவில்லை. காகிதத்தைக் கேப்டனிடம் கொடுத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் அன்றைக்கு நான் கற்றுக்கொண்டிருக்க வேண்டிய பாடம். அதை விட்டுவிட்டு வீட்டின் வாயை அடைத்து வைத்தேன். வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் எவ்வளவு நேரம் நின்றது என்று நாம் நிமிஷக் கணக்கு எழுதுகிறோம், ஏன் நிறுத்தினாய் என்று கேட்க ஆள் இருக்கிறது. வீட்டில் நிற்கிற பேச்சுக்கு அப்படிக் கேட்க ஆள் கிடையாது. நல்ல மனிதர்கள் வீட்டில் அது சத்தம் போடாமல் நிற்கும். நாள் கடந்தால் சத்தம் போடாமல் போய்விடும். நீங்கள் "சொல்லு" என்று உட்காரும்போது டியூஷனும் ஷூவும்தான் மிச்சம் இருக்கும்.

ஆகவே கப்பல் கிடக்கும்போதே கேளுங்கள். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் கேளுங்கள். உங்கள் வீட்டில் யாராவது காற்றைப் பற்றி இரண்டு தடவை விசாரித்தால், கையைக் கழுவாமல் அப்படியே இருந்து, ஏன் என்று கேளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை.

அந்த மணி விஷயத்தை, அன்றைக்கு மேடையில் அழுத அந்த அம்மாவிடம் நேரில் போய்க் கேட்டேன். அவருக்கு அது தோன்றவே இல்லையாம், நல்ல யோசனைதான் என்றார். அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் தோன்றவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில் இன்றைக்கும் பழைய நேரத்துக்குத்தான் மணி அடிக்கிறது. பஸ் அதற்குப் பிறகுதான் வருகிறது.